டெல்டாவில் இருந்துகொண்டே சர்வதேச வயலின் போட்டிக்குத் தயாராவது எப்படி

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பக்கத்தில் ஒரு குழந்தை நன்றாக வாசிக்க ஆரம்பித்தால் அடுத்த பேச்சு திருவையாறு ஆராதனை, அதற்கடுத்து சென்னையில் டிசம்பர் சீசன். மேற்கத்திய இசை படிக்கிற பிள்ளை என்றால் கிரேடு பரீட்சை, எட்டாம் கிரேடு முடிந்ததும் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு நீட் கோச்சிங். இளம் வயலின் கலைஞர்களுக்கென்றே உலக அளவில் போட்டிகள் இருக்கின்றன, முதல் சுற்றுக்கு வீடியோ அனுப்பினால் போதும் என்று சொன்னால், "நமக்கெல்லாம் எங்க சார் கிடைக்கப்போகுது" என்பார்கள். கிடைக்கும். என் மாணவி ஒருத்தி நேரடிச் சுற்றுவரை போனாள், ஆனால் இரண்டாவது முயற்சியில்தான். முதல் தடவை அவள் நன்றாகத்தான் வாசித்தாள், நாங்கள் அனுப்பிய வீடியோ விதிக்குப் பொருந்தாமல் விண்ணப்பமே திரும்பி வந்துவிட்டது. அவள் அன்று அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எந்தப் போட்டி என்று முடிவு செய்யுங்கள். வயலின் மேதை யெஹூதி மெனுஹின் 1983-இல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோனில் தொடங்கிய போட்டி இளையோருக்கென்றே ஏற்பட்டது. அதில் 16 வயதுக்குக் கீழே ஒரு பிரிவு, 22-க்குக் கீழே இன்னொன்று என்று இருந்தன. 2018-இல் ஜெனீவாவில் இளையோர் பிரிவின் முதல் பரிசை சிங்கப்பூரின் க்ளோயி சுவாவும் ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டியன் லீயும் பகிர்ந்துகொண்டார்கள், அவளுக்கு 11 வயது, அவனுக்கு 10. அந்த வாசிப்பை உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள், எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பிரஸ்ஸல்ஸின் ராணி எலிசபெத் போட்டி போன்றவை பெரியவர்களுக்கானவை, அவசரப்பட வேண்டாம். இன்னொரு பக்கம், நுழைவுக் கட்டணம் கட்டிய எல்லோருக்கும் 'தங்கப் பரிசு' தருகிற ஆன்லைன் போட்டிகள் நிறைய முளைத்திருக்கின்றன. நடுவர்கள் யார், போன வருஷம் ஜெயித்தவர்களின் வாசிப்பு கேட்கக் கிடைக்கிறதா, ஜெனீவாவில் 1957 முதல் இயங்கும் சர்வதேச இசைப் போட்டிகள் கூட்டமைப்பில் அந்தப் போட்டி உறுப்பா என்று பாருங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு ஒரு செட் நல்ல தந்தி வாங்குங்கள்.

வயதுக் கணக்கில் ஒரு விஷயம். 'பதினாறுக்குக் கீழ்' என்றால் எந்தத் தேதியில் என்று விதியில் தனியாக எழுதியிருப்பார்கள். விண்ணப்பிக்கும் நாளா, போட்டி தொடங்கும் நாளா, முடியும் நாளா என்பதில் ஒரு வருஷமே தப்பிப் போகலாம்.

இந்தப் போட்டிகள் மேற்கத்திய செவ்வியல் இசைக்கானவை. கர்னாடகம் மட்டும் வாசிக்கிற பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், மேற்கத்திய முறையில் சில வருஷம் உட்காராமல் விண்ணப்பிக்க முடியாது. அதே சமயம், இதற்காகக் கர்னாடகத்தை நிறுத்தச் சொல்கிற ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் மாணவியின் தாத்தா "இது நம்ம சங்கீதம் இல்லையே தம்பி" என்று வருத்தப்பட்டபோது நான் அவரிடம் சொன்னது இதுதான்: இந்த வாத்தியமே வெளியிலிருந்து வந்ததுதானே ஐயா. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு வந்தார், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு வாசித்ததைக் கேட்டு திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் யானைத் தந்தத்தில் செய்த வயலினையே பரிசாகக் கொடுத்தார். நம் லால்குடி ஜெயராமன் 1965-இல் எடின்பரோவில் வாசித்ததைக் கேட்டு மெனுஹின் தன் இத்தாலிய வயலினை அவருக்குக் கொடுத்த கதையும் தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் அவர் மறுக்கவில்லை, பதிவு நாளன்று வாசலில் காவலுக்கு உட்கார்ந்ததே அவர்தான்.

ஆனால் இரண்டையும் ஒரே வயலினில் செய்யாதீர்கள். நாம் ச-ப-ச-ப என்று சேர்க்கிறோம், அதாவது நடு இரண்டு தந்திக்கும் இடையே உள்ள சுருதி இடைவெளி குறைவு. அவர்கள் ஜி-டி-ஏ-ஈ என்று நான்கையும் பஞ்சம இடைவெளியில் சேர்க்கிறார்கள். காலையில் ஒன்று மாலையில் இன்னொன்று என்று பிருடையை, அதாவது தந்தியை முறுக்கும் கட்டையை, திருகிக்கொண்டே இருந்தால் தந்தி நிலைக்காது, அதைவிட மோசம், விரல் குழம்பும். எங்கள் வழி: பழைய, சுமாரான வயலின் ஒன்று கர்னாடகத்துக்கு, நல்லது ஒன்று மேற்கத்தியத்துக்கு. உட்கார்ந்து கணுக்காலில் சாய்த்து வாசிப்பது பழையதில் மட்டும், நின்று தாடையில் பிடித்து வாசிப்பது புதியதில் மட்டும். கையில் எடுத்த உடனே உடம்புக்கு எந்த உலகம் என்று தெரிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் விடச் சிரமம் தருவது இடது கைதான். கமகத்துக்குப் பழகிய விரல் தந்தியில் வழுக்கிப் போய்ச் சேரும், பாக் வாசிக்கும்போது அந்த வழுக்கல் லேசாக வந்தாலும் பளிச்சென்று கேட்கும். தினமும் இருபது நிமிடம், மெட்ரோனோம் (காலப்பிரமாணம் தட்டும் கருவி) வைத்து, வைப்ராட்டோ (விரலை அசைத்து ஒலியை நடுங்க வைப்பது) இல்லாமல், ஒவ்வொரு ஸ்வரத்திலும் விரலை நேராக இறக்கி ஸ்கேல் வாசிக்க வைத்தேன். எட்டு மாதம் பிடித்தது.

உருப்படிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். பாக் 1720-இல் எழுதி முடித்த தனி வயலின் சொனாட்டா, பார்ட்டிட்டாக்களில் ஒரு பகுதி, பாகனீனி தனி வயலினுக்கு எழுதிய கடினமான 24 கப்ரீஸ்களில் ஒன்று, இசைக்குழுவின் துணையோடு வாசிக்கும் மோட்சார்ட் கான்செர்ட்டோ. இதில் நம் பிள்ளைகளுக்கு இரண்டு பலம் உண்டு. ஒன்று மனப்பாடம்: ஐந்து வயதிலிருந்து நோட்டுப் பார்க்காமல் வர்ணம் வாசித்தவளுக்குப் பாகனீனியை மனதில் ஏற்றுவது பெரிய வேலையில்லை. இன்னொன்று, மோட்சார்ட் தன் வயலின் கான்செர்ட்டோக்களுக்கு எழுதிய கடென்சா எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை, வாசிப்பவர் தன் சொந்தக் கற்பனையில் வாசிக்க வேண்டிய இடம் அது. பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டு வயலின் கலைஞர் யோவாகிம் எழுதியதை வாசிக்கிறார்கள். விதி அனுமதித்தால், கல்பனாஸ்வரம் (அந்தந்த நேரத்துக் கற்பனையில் ஸ்வரம் கோத்து வாசிப்பது) பழகிய பிள்ளையை அந்த இடத்தில் சொந்தமாக ஒன்று எழுத விடுங்கள், ராகத்தைக் கொண்டுவந்து நுழைக்காமல் அந்தக் கான்செர்ட்டோவின் தீம்களை வைத்தே. என் மாணவி பதினொரு தடவை எழுதி அடித்தாள். ஏழாவது எனக்குப் பிடித்தது, அவள் பதினொன்றாவதைத்தான் வாசித்தாள், அவள் முடிவு சரி.

இனி வீடியோ. இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். முதல் தடவை நாங்கள் ஒரு நகரத்து ஸ்டுடியோவில் பணம் கட்டிப் பதிவு செய்தோம். அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எதிரொலி சேர்த்தார்கள், பிசிறடித்த ஓர் இடத்தில் இன்னொரு டேக்கை வெட்டி ஒட்டிக் கொடுத்தார்கள். போட்டி விதியில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே டேக், ஒலியில் எந்த மாற்றமும் கூடாது என்று இருந்தது. நான் அதைப் படித்திருந்தேன், ஸ்டுடியோவில் அச்சிட்டுக் கொடுக்கவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: விதிகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, பதிவு செய்பவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது தடவை வீட்டிலேயே செய்தோம். போனை ஸ்டாண்டில் படுக்கைவாட்டில் நிறுத்தி, எட்டு அடி தூரம். முகம், இரண்டு கை, வில்லின் அடி முதல் நுனி வரை எல்லாம் சட்டத்துக்குள் இருக்க வேண்டும், கேமரா நகரவே கூடாது. வயலினின் மேல்பலகை கேமரா பக்கம் லேசாகத் திரும்பியிருக்கும்படி நிற்க வையுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் வரக் கூடாது, முகம் கறுத்துவிடும். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், கட்டாயமாக. சத்தம் வருவதால் மட்டும் சொல்லவில்லை, சுழலும் இறக்கை வயலின் ஒலியையே நடுங்க வைக்கிறது, கேட்கிறவருக்கு அது மோசமான வைப்ராட்டோ மாதிரி இருக்கும்.

அறை முக்கியம். மொசைக் தரையும் வெறும் சுவரும் உள்ள புது வீட்டு ஹால் கிணற்றுக்குள் வாசிப்பது போல முழங்கும். ஜமக்காளம் விரித்து, எதிர்ச் சுவரில் இரண்டு போர்வை தொங்கவிட்டால் பாதி அடங்கும். எல்லாவற்றையும் மூடிவிடவும் கூடாது, ஒலி செத்துவிடும். எங்களுக்கு வாய்த்தது உறவினர் ஒருவரின் பழைய ஓட்டு வீட்டுக் கூடம், மர உத்தரம், பக்கத்தில் முற்றம். அதைவிட நல்ல அறையை நான் எந்த ஸ்டுடியோவிலும் கேட்டதில்லை. உங்கள் ஊரில் அப்படி ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் சாவி யாரிடம் என்று விசாரியுங்கள்.

நேரம் அதைவிட முக்கியம். ஆடியில் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர், மார்கழியில் விடியற்காலைப் பாட்டு, ஐப்பசியில் மழையும் தவளையும், தையில் சம்பா அறுவடை இயந்திரம். நாங்கள் மாசியில் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணி என்று வைத்தோம். அப்போதும் எங்கேயோ ஒரு மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவிப்பு வந்தது, அந்த நாளில் ஊரே அடங்கிவிட்டது, பம்புசெட் இல்லை, மிக்ஸி இல்லை, டிவி இல்லை. முற்றத்து வெளிச்சத்தில், முந்தின இரவே சார்ஜ் ஏற்றி வைத்த போனில், பாக்கும் பாகனீனியும் அன்றைக்கே முடிந்தன. மின்தடை அறிவிப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். ஒரு உருப்படிக்கு ஒரு நாளில் மூன்று டேக்குக்கு மேல் வேண்டாம். நாலாவதில் விரல் சரியாக இருக்கும், மனசு இருக்காது.

கான்செர்ட்டோவுக்கு இசைக்குழுவுக்குப் பதிலாகப் பியானோ துணை வேண்டும். நல்ல பியானோ இந்தப் பக்கம் அபூர்வம், ஆனால் தேவாலயங்களில் கீபோர்டு வாசிக்கிறவர்களில் தேர்ந்த கைகள் இருக்கிறார்கள், நோட்டேஷன் படிக்கவும் தெரியும். 88 கட்டை உள்ள டிஜிட்டல் பியானோ கிடைத்தால் போதும். குறைந்தது நாலு ஒத்திகை வையுங்கள், அவருக்கு மரியாதையான தொகை கொடுங்கள். ஏ தந்தியின் சுருதி 440 ஹெர்ட்ஸ் என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஐரோப்பாவில் 442-உம் வழக்கம், நேரடிச் சுற்றுக்குப் போகுமுன் அதற்கும் காதைப் பழக்க வேண்டும்.

பதிவுக்குப் பத்து நாள் முன்பே புதுத் தந்தி மாட்டுங்கள், முந்தின நாள் மாட்டினால் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். நம் ஈரக் காற்றில் மரம் உப்பி பிருடை இறுகும், வில்லின் முடி நீண்டு தொய்யும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையும் சின்ன ஈரப்பதமானியும் வையுங்கள், ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் 60-க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. சித்திரை வெயிலில் காருக்குள் வயலினை விட்டுவிட்டு ஹோட்டலில் சாப்பிடப் போகாதீர்கள், பசை இளகி ஓரம் திறந்துகொள்ளும், அதைச் சரியாக ஒட்டித் தருகிறவரைத் தேடி அலைய வேண்டும்.

பாஸ்போர்ட்டை விண்ணப்பத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள், தஞ்சாவூரிலேயே சேவை மையம் இருக்கிறது. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, போட்டிப் படிவத்தில் இன்னொரு மாதிரி என்று போனால் விசாவில் வந்து நிற்கும். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து வருஷம் அல்லது 18 வயது நிறையும் வரை, எது முந்தியோ அதுவரை செல்லும், தேதியைப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பொதுத்தேர்வு வருஷம் என்றால் போட்டித் தேதியையும் தேர்வு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பள்ளியில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

தேர்வாகிவிட்டீர்களா, சரி, இனி விமானம். வயலின் பெட்டி பொதுவாகக் கைப்பை அளவை விட நீளம், அதனால் டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கி அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சரக்கில் போடவே போடாதீர்கள். வில்லைத் தளர்த்தி வையுங்கள்: குளிர்நாட்டு அறைகளில் ஹீட்டர் ஓடுவதால் காற்று வறண்டிருக்கும், இங்கே நீண்டிருந்த முடி அங்கே சுருங்கும், முறுக்கி வைத்திருந்தால் கட்டையை இழுத்து வளைத்துவிடும். இங்கே இறுகிய பிருடை அங்கே வழுக்கும், அதற்குப் பூசும் பேஸ்ட் ஒன்று பெட்டியில் இருக்கட்டும். அறைக்குப் போனதும் பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு, பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுத்துத் தூங்க வையுங்கள், சுருதி சேர்ப்பதெல்லாம் எழுந்த பிறகு.