கப்பல் ஏற முன் சரிபார்க்க வேண்டிய சுகாதாரக் கடதாசிகள்: திருகோணமலையிலிருந்து போகிறவர்களுக்கு

குரூஸ் டிக்கெட்டோடு வரும் சுகாதார நிபந்தனைகளை ஒரே இடத்தில் எழுதுவதில்லை. கப்பல் கம்பனி ஒன்று சொல்லும். ஏறுகிற துறைமுகம் உள்ள நாடு இன்னொன்று சொல்லும். இடையில் கப்பல் தொடுகிற நாடுகள் தங்கள் பங்குக்குக் கேட்கும். கடைசியில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கும்போது நம் நாட்டுக்கும் ஒரு விதி இருக்கிறது. இவற்றில் எது கடுமையோ அதுதான் உங்களுக்கான விதி. டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்சிக்காரர் பெரும்பாலும் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு “ஒன்றும் தேவையில்லை” என்று சொல்லிவிடுவார்.

ஆகவே முதலில் ஒரு கொப்பியை எடுத்து முழு வழியையும் எழுதுங்கள். கொழும்பிலிருந்து எந்த விமானம், எங்கே மாறுகிறது, அங்கே எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், எந்தத் துறைமுகத்தில் ஏறுவது, எந்தெந்தத் துறைமுகம் எந்தத் திகதியில், திரும்பி வரும் வழி என்ன, எல்லாவற்றையும். “அந்த இடத்தில் நாங்கள் இறங்கப் போவதில்லையே” என்று எதையும் விட்டுவிட வேண்டாம். நுளம்பால் பரவும் மஞ்சள் காய்ச்சல் நோயின் அபாயமுள்ள நாடொன்றின் துறைமுகத்தைத் தொட்ட கப்பல், முறைப்படி பூச்சி மருந்து அடிக்கப்படாமல் 30 நாட்களுக்குள் இந்தியாவுக்கு வந்தால், அதில் வந்தவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பது இந்தியாவின் விதி. நீங்கள் கரையில் கால் வைத்தீர்களா என்பது அங்கே கணக்கில் வராது.

சென்னையிலோ சிங்கப்பூரிலோ ஏறி, ஆசியத் துறைமுகங்களை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு வேலை குறைவு. சிங்கப்பூருக்குள் போக, வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும்; சுகாதார வாக்குமூலமும் அதற்குள்ளேயே இருக்கிறது. அது இலவசம். காசு கேட்கிற தளம் கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள். கப்பல் சுற்றிவிட்டுத் திரும்பவும் சிங்கப்பூரில் இறக்கும்போது அது இரண்டாவது வருகை. அதற்கும் அட்டை நிரப்ப வேண்டுமா என்று ஏறும்போதே கேட்டு வையுங்கள்.

ஆப்பிரிக்காவோ தென் அமெரிக்காவோ வழியில் இருந்தால் கதை வேறு.

மஞ்சள் காய்ச்சல் ஊசி

கென்யாவின் மொம்பாசா, பிரேசில், பனாமா போன்ற இடங்கள் உங்கள் வழியில் இருந்தால் இந்த ஊசியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். அபாயப் பட்டியலிலுள்ள நாட்டிலிருந்து இலங்கைக்கு வரும் 9 மாதத்துக்கு மேற்பட்ட எவரிடமும் சான்றிதழ் கேட்கப்படும். அப்படியான நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலும் அதே விதிதான். அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ விமானம் மாறுகிற மலிவு டிக்கெட் எடுத்தவர்கள் இந்த மணிக்கணக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஊசி போட்ட அன்றே சான்றிதழ் செல்லுபடியாகாது. பத்து நாள் கழிந்த பிறகுதான் கணக்கு. அதன் பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். 2016 ஜூலை 11 முதல் உலகளவில் இதுதான் விதி. பழைய அட்டையில் பத்து வருடம் என்று அச்சடித்திருந்தாலும் அது ஆயுளுக்கும் செல்லும், திரும்பப் போடத் தேவையில்லை. ஆனாலும் ஏதாவது ஒரு துறைமுகத்தில் ஒரு அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத்தான் செய்வார். உலக சுகாதார நிறுவனத்தின் விதிப் பக்கத்தை அச்செடுத்து அட்டைக்குள் வைத்திருங்கள்.

ஊசி போட கொழும்புக்குத்தான் போக வேண்டும்: பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவக வளாகம். இரவு பஸ் எடுத்து விடியப் போய் நிற்பதற்கு முன் போன் பண்ணி நாளைக் கேளுங்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். திறந்தால் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதனால் நினைத்த நேரத்தில் ஒருவருக்காகத் திறக்கமாட்டார்கள். போயா நாளில் போய் நிற்பதும் வீண் அலைச்சல். மூலக் கடவுச்சீட்டும் ஒரு பிரதியும் கையில் இருக்கட்டும்.

முட்டை ஒவ்வாமை, கர்ப்பம், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து, தைமஸ் சுரப்பியில் நோய், 60 வயதுக்கு மேல் முதல் தடவை போடுவது: இவற்றில் ஏதாவது இருந்தால் வரிசையில் நிற்கும் முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள். போட முடியாதவர்களுக்கு மருத்துவ விலக்குக் கடிதம் உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படாமல், கப்பல் கம்பனிக்கு அனுப்பி “ஏற்றுக்கொள்கிறோம்” என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். விலக்குக் கடிதம் இருந்தாலும் தனிமைப்படுத்த ஒரு நாட்டுக்கு உரிமை இருக்கிறது.

இன்னொரு கணக்கு பலருக்குத் தெரிவதில்லை. மஞ்சள் காய்ச்சல் ஊசியும் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசியும் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தவை. இரண்டையும் ஒரே நாளில் போடலாம். இல்லாவிட்டால் 28 நாள் இடைவெளி வேண்டும். பிள்ளைக்கு கிளினிக்கில் எம்.எம்.ஆர். போட்டு ஒரு கிழமையில் கொழும்புக்குக் கூட்டிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 28 நாளும் 10 நாளும் சேர்த்தால் 38. புறப்பட ஆறு கிழமைக்கு முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான்.

சான்றிதழான மஞ்சள் அட்டை கையில் வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், ஊசியின் தொகுதி இலக்கம், வைத்தியரின் கையெழுத்து, நிலையத்தின் முத்திரை, உங்கள் கையெழுத்து. திகதியில் மாதம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு எண்ணை வெட்டி மேலே திருத்தியிருந்தால் வேறு அட்டை கேளுங்கள். அடித்தல், அழித்தல், விடுபட்ட கட்டம் எதுவும் சான்றிதழைச் செல்லாததாக்கலாம் என்று அந்த அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. லமினேட் பண்ண வேண்டாம்.

மாறிக்கொண்டே இருக்கும் விதிகள்

கொரோனாவுக்கான உலகளாவிய அவசர நிலையை உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று முடித்தது. இப்போது பெரும்பாலான கம்பனிகள் தடுப்பூசி அட்டையோ பி.சி.ஆர். முடிவோ கேட்பதில்லை. ஆனால் தேவைப்பட்டால் எப்போதும் கேட்கலாம் என்ற வரி டிக்கெட் ஒப்பந்தத்தில் இருக்கும். அதனால் டிக்கெட் போடும்போது பார்த்தது போதாது. ஆறு கிழமைக்கு முன், பத்து நாளுக்கு முன், மூன்று நாளுக்கு முன் என்று மூன்று தடவை கம்பனியின் சுகாதாரப் பக்கத்தைத் திறந்து, திகதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விமான கவுண்டரில் இருப்பவர் பார்ப்பது நாடுகளின் நுழைவு விதிகளைத் தொகுத்து வைத்திருக்கும் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தை. உங்கள் விமானக் கம்பனியிடம் “டிமாட்டிக்கில் என்ன காட்டுகிறது” என்று கேட்டாலே விசயம் தெரிந்தவர் என்று புரிந்து பதில் சொல்வார்கள்.

பரிசோதனை மீண்டும் வந்தால் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். பி.சி.ஆரா அன்டிஜனா? மணிக்கணக்கா நாட்கணக்கா? கணக்கு எந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது? பெரும்பாலும் மாதிரி எடுத்த நேரம்தான் கணக்கு. முடிவு அச்சடித்த நேரம் அல்ல. திருகோணமலையில் மாதிரி கொடுத்து அது கொழும்பு ஆய்வுகூடத்துக்குப் போய்த் திரும்பும் வரை ஓடுகிற மணித்தியாலங்களும் 72 மணி நேரக் கெடு என்றால் அந்த 72இல்தான் கழிகின்றன. அவசரமென்றால் கொழும்பில் போய்க் கொடுப்பதே மேல். நாட்கணக்கு சுலபம்: 2021 டிசம்பர் 6 முதல் 2022 ஜூன் 12 வரை அமெரிக்காவுக்குப் பறந்தவர்களுக்கு இருந்த ஒரு நாள் விதியில், முந்திய நாள் எந்த நேரத்தில் கொடுத்திருந்தாலும் செல்லும். வீட்டில் தானே செய்த அன்டிஜன், யாரும் மேற்பார்வை செய்யாவிட்டால், கடதாசியாக மதிக்கப்படாது.

நம் ஆட்கள் அதிகம் சிக்குவது பெயரில். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும். தடுப்பூசி அட்டையில் முதலெழுத்தும் பெயரும் மட்டும் இருக்கும், அதுவும் கையெழுத்தில். பிள்ளைகளின் கிளினிக் கொப்பியிலும் இதே கதைதான். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கடவுச்சீட்டைக் காட்டி ஆங்கிலத்தில் கடிதமொன்று கேளுங்கள். புறப்படும் கிழமையில் போய் நிற்காமல் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.

ஏறும் இடத்தில்

கவுண்டரில் ஒரு படிவம் தருவார்கள்: கடந்த சில நாட்களில் காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம், இருமல் இருந்ததா என்று. மறைப்பதால் இலாபமில்லை. உள்ளே போய், வாந்தியும் வயிற்றோட்டமும் தரும் நோரோ வைரஸ் என்று தெரிந்தால் வாந்தி நின்று இரண்டு நாள் வரை அறைக்குள் அடைத்து வைப்பார்கள், கட்டிய காசுக்குச் சுவரைத்தான் பார்க்கலாம். உண்மையைச் சொன்னால் கப்பல் வைத்தியர் பார்த்துவிட்டு ஏற்றிக்கொள்வதும் உண்டு. உள்ளே சனிட்டைசரை நம்பிவிட வேண்டாம். நோரோ வைரஸுக்கு அது போதாது, சாப்பாட்டுக்கு முன் சவர்க்காரமும் தண்ணீரும்தான்.

கர்ப்பிணிகளைப் பெரும்பாலான கம்பனிகள் 24 வாரத்துக்கு மேல் ஏற்றாது. பயணம் முடிகிற நாளில் எத்தனையாவது வாரம் என்று எண்ணுங்கள். குழந்தைக்குக் குறைந்தது 6 மாதம், நீண்ட கடற்பயணமென்றால் 12 மாதம் என்பது பொதுவழக்கு.

காப்புறுதியில் நோயால் ஏற்ற மறுப்பது, அறைத் தனிமை, கடலிலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் செலவு ஆகிய மூன்றும் இருக்கிறதா பாருங்கள். கப்பல் மருந்தகம் டொலரில் கார்டில் கழிக்கும். இறங்குமுன் விபரமான பில் வாங்காவிட்டால் பிறகு கோருவது கஷ்டம்.

திருமலைக்கு வரும் கப்பலை எதிர்பார்த்து நிற்கும் வாகனக்காரர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் ஒன்று. 2023 ஜூனில் சென்னையிலிருந்து கொர்டீலியா என்ற குரூஸ் கம்பனியின் எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வரத் தொடங்கியது. எந்தக் கப்பலானாலும் கப்டன் சுகாதார அறிவிப்புக் கொடுத்து, துறைமுக சுகாதாரத் தரப்பு அனுமதி தரும் வரை யாரும் இறங்க முடியாது. உள்ளே நோய் பரவியிருந்தால் அது இழுபடும். கோணேஸ்வரம், நிலாவெளி, கன்னியா என்று மூன்று இடத்தையும் நெருக்கமாகப் போட்டுக் காசு வாங்கியிருந்தால் முதலில் வெட்டுவது எதை என்று முன்பே பேசி வையுங்கள்.

ஆப்பிரிக்கப் பக்கம் போகிறவர்கள் மலேரியா மாத்திரையை மறக்க வேண்டாம். மலேரியா தடுப்பு இயக்கம் அதை இலவசமாகத் தருகிறது. சில மாத்திரைகளைப் புறப்பட இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே தொடங்க வேண்டும். சிலவற்றை வந்த பிறகும் நான்கு கிழமை விழுங்க வேண்டும், ஊர் வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது, ஆனால் அதைப் பரப்பும் நுளம்பு இங்கேதான் இருக்கிறது. திரும்பி வந்து காய்ச்சல் கண்டால் டெங்கு என்று நினைத்துக் காத்திருக்காமல், எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள் என்பதை வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்லி, மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.