திண்மநிலைச் சோடியம்–கந்தக செல்: வினைவழியைத் தவறாகப் படிக்கும் இடங்கள்

திண்மநிலைச் சோடியம்–கந்தக செல்லில் (மின்பகுளி திரவமாக இல்லாமல் திண்மமாக இருக்கும் மின்கலம்) ஒரு கிராம் கந்தகம் முழுவதும் சோடியம் சல்பைடாக மாறினால் 1,675 மில்லியாம்பியர்-மணி கிடைக்க வேண்டும். செல் அதில் பாதி, அதாவது 837 தந்துவிட்டு நின்றால், "வினை சோடியம் டைசல்பைடோடு (பாதி வழியில் உருவாகும் சேர்மம்) முடிந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். அதிகம் நடக்கும் தவறு இதுதான். கந்தகத்தில் பாதி முழுதாகச் சல்பைடாகி, மறுபாதி எலக்ட்ரானைக் கடத்தும் கார்பனும் அயனியைக் கடத்தும் மின்பகுளியும் எட்டாமல் அப்படியே கிடந்தாலும் இதே 837தான் வரும். மின்னூட்டக் கணக்கு சராசரியை மட்டுமே காட்டும். அதே செல்லை 60 டிகிரி செல்சியஸில், மின்னோட்டத்தைக் குறைத்து ஓட்டுங்கள். கொள்ளளவு கணிசமாக ஏறினால், வினை நின்றதற்கு அயனியோ எலக்ட்ரானோ போய்ச் சேராததே காரணம். டைசல்பைடு இறுதி விளைபொருள் அல்ல.

அடுத்தது மின்பகுளியை மறப்பது. இங்கே மின்பகுளியாக இருக்கும் சோடியம் தயோபாஸ்பேட்டிலும் கந்தகம் இருக்கிறது. கார்பன் தொடும் இடத்தில் அதுவும் வினைபுரியும். கந்தகம், கார்பன், மின்பகுளி 20:20:60 எடை விகிதத்தில் இருந்தால் ஒரு மில்லிகிராம் கந்தகத்துக்கு மூன்று மில்லிகிராம் மின்பகுளி. அதன் ஒவ்வொரு மூலக்கூறு அலகும் ஒரே ஒரு எலக்ட்ரானை மாற்றினாலும், கிராம் கந்தகத்துக்கு 352 மில்லியாம்பியர்-மணி கணக்கில் ஏறிவிடும். கோட்பாட்டு மதிப்பில் இது 21 சதவீதம்! கந்தகம் இல்லாமல் கார்பனும் மின்பகுளியும் மட்டும் 1:3 விகிதத்தில் கலந்த ஒப்பீட்டு செல்லை, அதே மின்னழுத்த எல்லைக்குள் ஓட்டிப் பார்க்காமல் வெளியிடும் கொள்ளளவை நம்ப முடியாது.

எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்கதிர் அளவீடு) சிகரம் தெரியவில்லை என்பதால் பாலிசல்பைடு (கந்தக அணுக்கள் சங்கிலியாக இணைந்த இடைநிலைச் சேர்மம்) இல்லை என்று ஆகாது. படிக உருவமற்ற கட்டம் அதில் தனிச் சிகரம் தராது. எக்ஸ்பிஎஸ் (மேற்பரப்பு அணுக்களின் வேதிநிலையைக் காட்டும் எக்ஸ்கதிர் அளவீடு) எடுத்தால் தயோபாஸ்பேட்டின் கந்தக சமிக்ஞை, பாலிசல்பைடுச் சங்கிலியின் முனைக் கந்தகத்தோடு ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். போதாக்குறைக்கு, தனிமக் கந்தகம் உயர் வெற்றிடத்தில் ஆவியாகிவிடும். மாதிரியைக் குளிர்வித்துத்தான் அளக்க வேண்டும். ராமனில் (லேசர் ஒளிச் சிதறலை வைத்துப் பொருளை அறியும் முறை) லேசர் திறனைக் குறைத்து வையுங்கள், சூடேறினால் நீங்கள் பார்ப்பது லேசர் உண்டாக்கிய பொருளாக இருக்கலாம்.

மின்னழுத்தப் படிகளை வைத்துப் பாலிசல்பைடின் சங்கிலி நீளம் சொல்வதிலும் கவனம் தேவை. திரவ மின்பகுளியில் நீண்ட பாலிசல்பைடுகள் கரைவதால் வரும் படிகளை இங்கே அப்படியே பொருத்தக் கூடாது. ஆனோடு (எதிர்மின் முனை) தூய சோடியமாக இல்லாமல் சோடியம்–வெள்ளீயக் கலவை என்றால், அதன் விகிதத்தைப் பொறுத்து அளவீடு சில பத்து முதல் சில நூறு மில்லிவோல்ட் வரை நகரும். எதை ஒப்பிட்டு அளந்த வோல்ட் என்று எழுதுங்கள்.

கலவை தயாரிக்கும்போது கந்தகம், கார்பன், மின்பகுளி மூன்றையும் ஒன்றாகப் போட்டு நெடுநேரம் அரைத்தால் கந்தகம் தயோபாஸ்பேட்டோடு வினைபுரியலாம். கந்தகத்தையும் கார்பனையும் மூடிய குடுவையில் 155 டிகிரியில் உருக்கி ஊடுருவவிட்டு, பிறகு மின்பகுளியைச் சேர்ப்பது பாதுகாப்பு. எல்லாம் ஆர்கான் வாயு நிரப்பிய மூடிய பெட்டிக்குள். ஈரம் பட்டால் நச்சான ஹைட்ரஜன் சல்பைடு வெளிவரும்.

கடைசியாக, கந்தகம் சல்பைடாகும்போது கன அளவு சுமார் 2.7 மடங்காகிறது. மின்னேற்றத்தில் அது சுருங்கும்போது தொடர்பு அறுந்து கொள்ளளவு விழும். அதை "மீளா வேதிவினை" என்று பெயரிட்டுவிடுகிறார்கள். செல்லை மறுபடி அழுத்தி அடுத்த சுற்றை ஓட்டுங்கள்: இழந்ததில் ஒரு பங்கு திரும்பினால், அந்தப் பங்கு இயந்திரச் சிக்கலால் போனது.