உப்புக் காற்றில் இறுகிய சில்லுகளை மீட்ட விதம்

கொழும்பு காலிமுகத்திடல் பக்கம் ஓடும் ஸ்கேட்போர்ட்டில் முதலில் பழுதாவது பேரிங்தான்; சில்லு சுழல உதவும், உள்ளே குண்டுகள் கொண்ட வளையம் அது, ஒரு சில்லுக்கு இரண்டு. கடலுப்பும் ஈரமும் உள்ளே போனால் உருக்குக் குண்டுகள் துருப்பிடிக்கும். சில்லைக் கையால் சுழற்றினால் கரகரத்து உடனே நின்றுவிடும். அதற்காக எட்டு பேரிங்குகளையும் தூக்கி எறியத் தேவையில்லை.

13 மி.மீ. ஸ்பேனரால் நட்டைக் கழற்றுங்கள். மெல்லிய வொஷர்கள் பத்திரம். சில்லை அச்சின் நுனியில் ஒரு பேரிங் மட்டும் ஏறும்படி வைத்து, சாய்த்து நெம்பினால் அது கழன்று வரும். பேரிங்கின் ரப்பர் மூடியை உள்விளிம்பில் குண்டூசி கொடுத்து மெதுவாகத் தூக்கலாம்.

கழுவ 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் மிக நல்லது. மண்ணெண்ணெயும் அழுக்கை எடுக்கும், ஆனால் பிசுக்கு மிஞ்சும். மூடியுள்ள போத்தலில் போட்டுக் குலுக்கி, மின்விசிறிக்கு முன்னால் முழுதாக உலர விடுங்கள். ஈரம் தங்கினால் துரு திரும்ப வரும். பிறகு ஒவ்வொன்றுக்கும் தையல் மெஷின் எண்ணெய் 2 துளி. கூட விட்டால் மணல் ஒட்டும். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

குண்டு ஓடும் தடத்தில் குழி விழுந்திருந்தால் கழுவிப் பயனில்லை. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் 608 பேரிங் என்று கேளுங்கள்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மி.மீ. பல சிறிய மோட்டார்களிலும் இதே அளவுதான்.

பூட்டும்போது இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே வரும் ஸ்பேசர் என்ற சிறு குழாயை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் பக்கவாட்டு அழுத்தம் முழுவதும் குண்டுகளில் விழும். நட்டை இறுக்கியபின் கால் சுற்று தளர்த்துங்கள். சில்லு பக்கவாட்டில் மயிரிழை அசைய வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரையான மழைக்காலத்தில் நனைந்த வீதியில் ஓடினால், அன்றிரவே கழற்றித் துடைத்து உலர்த்துங்கள்.