ஊதுபத்தி அணைந்தும் இறங்காத பி.எம். 2.5

காற்றிலுள்ள துகள்களை அளக்கும் பி.எம்.எஸ்.5003 சென்சரையும், வைஃபை வசதியுள்ள குட்டி இ.எஸ்.பி.8266 போர்டையும் இணைத்து வீட்டிலேயே காற்றுத்தர மானி ஒன்று செய்தேன். மேசைமேல் திறந்தபடி வைத்தபோது ஒழுங்காக ஓடியது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு மூடியதும் கோளாறு ஆரம்பம்: பக்கத்தில் ஊதுபத்தி கொளுத்தினால் பி.எம். 2.5 (காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களின் அளவு) ஏறும், புகை போன பிறகும் வெகுநேரம் இறங்காது.

முதல் சந்தேகம் புரோகிராம் மேல். சராசரி எடுக்கும் வரிகளை நீக்கிவிட்டு சென்சர் அனுப்பும் எண்ணை அப்படியே பார்த்தேன், மாற்றமில்லை. அப்புறம் மின்சாரம். சென்சருக்குள் இருக்கும் குட்டி விசிறிக்கு 5 வோல்ட் வேண்டும் (டேட்டா பின்களுக்கு 3.3தான்). மல்டிமீட்டரில் 4.9 காட்டியது. சரி, அதுவும் இல்லை. பெட்டியில் கூடுதலாகத் துளை போட்டும் பெரிய வித்தியாசமில்லை.

மூடியைக் கழற்றிவிட்டுப் பத்தியைத் துளையருகே பிடித்தபோதுதான் பிடிபட்டது. இந்தச் சென்சரில் காற்று நுழையும் சிறு துளைகளும் விசிறி வெளியே தள்ளும் வாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. தள்ளிய புகை அங்கேயே சுழன்று மறுபடி உள்ளே போகிறது!

சென்சரைச் சுவரோடு ஒட்டி நகர்த்தினேன். காற்று நுழையவும் வெளியேறவும் பெட்டியில் தனித்தனித் துளை, நடுவில் தடுப்பாகக் கதவிடுக்கில் ஒட்டும் ஸ்பாஞ்ச் டேப். டேப் விசிறியில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாடா, இப்போது பத்தி அணைந்த சில நிமிடங்களில் எண் இறங்கிவிடுகிறது. மழைநாளில் ஈரப்பதத்தால் அளவு ஏறுவது தனிக்கதை. அதற்கு இந்த டேப் உதவாது.