நடிகர் மறைந்தால் மன்றம் செய்ய வேண்டியவை: செய்தி வந்த நேரம் முதல் பதினாறாம் நாள் வரை

மறைவுச் செய்தி இப்போதெல்லாம் முதலில் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. உயிரோடு மருத்துவமனையில் இருப்பவருக்குக் கண்ணீர் அஞ்சலி ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு மாலையில் ஓசைப்படாமல் நீக்குவது ரசிகர்களுக்குப் புதிதல்ல. மருத்துவமனை அறிக்கை, குடும்பத்தாரின் அறிவிப்பு, நடிகர் சங்கத்தின் இரங்கல் ஆகியவற்றில் ஒன்றாவது வரும்வரை போஸ்டருக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள், கிளை மன்றங்களுக்குத் தகவல் அனுப்பாதீர்கள். காத்திருந்தால் போவது ஒரு மணி நேரம்தான்.

உறுதியானதும் வேலையை நான்கு பேருக்குப் பிரித்துவிடுங்கள். தலைமை மன்றத்தோடும் குடும்பத் தரப்போடும் பேச ஒருவர், போலீஸ் அனுமதிக்கு ஒருவர், பணத்துக்கு ஒருவர். நான்காமவரின் வேலை மன்ற ஆட்களைக் கவனிப்பது மட்டும். இந்த நான்காவது ஆளைத்தான் எல்லா மன்றமும் மறக்கிறது. அவர் என்ன செய்ய வேண்டும் என்பது கீழே வருகிறது.

சென்னைக்குப் போகிறவர்கள்

உடல் வைக்கும் இடமும் நேரமும் மாறும். விஜயகாந்த் 2023 டிசம்பர் 28 காலையில் மறைந்தார். முதலில் கோயம்பேடு கட்சி அலுவலகத்தில் உடலை வைத்தார்கள். கூட்டம் தாங்காமல் மறுநாள் காலை தீவுத்திடலுக்குக் கொண்டுபோனார்கள். பிற்பகலில் அங்கிருந்து ஊர்வலமாகக் கோயம்பேட்டுக்கே திரும்பி, மாலையில் நல்லடக்கம் நடந்தது. 29ஆம் தேதி காலை நேராகக் கோயம்பேட்டில் போய் நின்றவர்களுக்கு முகம் பார்க்கும் வரிசை அங்கே இல்லை. ஆகவே வேன் கிளம்பும்போது ஒருமுறை, செங்கல்பட்டோ திருவள்ளூரோ தாண்டும்போது இன்னொரு முறை இடத்தை விசாரியுங்கள். வரிசையை எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். இறுதிச் சடங்கு பெரும்பாலும் மறுநாளே முடிந்துவிடும். சிவாஜி கணேசன் 2001 ஜூலை 21 இரவு மறைந்தார். மறுநாளே பெசன்ட் நகர் மின்மயானத்தில் தகனம். தென்கோடியிலிருந்து பத்து மணி நேரம் பயணம் செய்து, கதவு அடைத்தபிறகு வந்து நிற்பதைவிட உள்ளூரில் அஞ்சலி செலுத்துவது மேல்.

வேனுக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும். இரவு முழுக்க ஓட்டியவரே மாலையில் திரும்பவும் ஓட்டினால் விபத்துதான். துக்கத்தில் குடித்தவர் எவரும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, பைக்கிலும் வரக்கூடாது. வண்டிக் கூரையில் ஆள் ஏறவே கூடாது. 1969இல் அண்ணாவின் இறுதி ஊர்வலத்துக்கு ரயில் கூரையில் வந்தவர்கள் கொள்ளிடம் பாலத்தில் அடிபட்டு இறந்தார்கள்.

கூட்டத்துக்குள் நுழையும் முன் யார் வரக்கூடாது என்று முடிவு செய்யுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் வேண்டாம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், பிஸ்கட், மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அன்றைய மாத்திரை, வீட்டு எண் எழுதிய துண்டுச்சீட்டு ஆகியவை சட்டைப்பையில் இருக்கட்டும். செல்போன் சிக்னல் கூட்டத்தில் செத்துவிடும் என்பதால், பிரிந்தால் எங்கே சேர்வது என்று ஓர் அடையாளத்தை முன்பே பேசிவையுங்கள். கூட்டம் கலைந்து ஓடும் பாதையில் அந்த இடம் இருக்கக்கூடாது.

நெரிசலில் மிதிபட்டுச் சாகிறவர்களைவிட நின்றபடியே மூச்சுத் திணறிச் சாகிறவர்கள் அதிகம். முன்னாலும் பின்னாலும் அழுத்தும்போது நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாமல் போகிறது. ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நின்றால் ஆபத்து ஆரம்பம். அதைக் கண்ணால் அளக்க முடியாது, உடம்பால் அறியலாம்: இரண்டு பக்கமும் தோள் இடிக்கிறது, கையை முகத்துக்கு உயர்த்த முடியவில்லை, நீங்கள் நடக்காமலே கூட்டம் உங்களை நகர்த்துகிறது என்றால் அந்த நிமிடமே வெளியேறத் தொடங்குங்கள். முகம் பார்க்க இன்னும் இருபது அடிதான் பாக்கி என்றாலும் சரி.

வெளியேறுவதற்கும் முறை உண்டு. கூட்டத்துக்கு எதிராகத் திரும்பாதீர்கள். குத்துச்சண்டைக்காரர் போல இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன் மடக்கி, மூச்சு விட இடம் பிடித்துக்கொள்ளுங்கள். அலை தள்ளும்போது கூடவே போய், தளரும்போது குறுக்காக ஓரத்தை நோக்கி இரண்டடி நகருங்கள். ஓரம் என்பது சுவரோ தடுப்பு வேலியோ அல்ல, அங்கேதான் நசுங்குவார்கள். திறந்த பக்கத்தைத் தேடுங்கள். செருப்போ போனோ விழுந்தால் விழுந்ததுதான், குனியாதீர்கள். பக்கத்தில் ஒருவர் சரிந்தால் சுற்றியிருப்பவர்கள் கைகோத்து நின்று அவரை முதலில் தூக்கி நிறுத்த வேண்டும். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் மரத்திலும் டிரான்ஸ்ஃபார்மர் மேடையிலும் ஏறி நின்று பார்க்கிறவர்களை என்ன சொல்வது?

அந்த நான்காவது ஆள்

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று மறைந்தபோது தமிழ்நாட்டில் பலர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். கன்னட நடிகர் ராஜ்குமார் 2006 ஏப்ரல் 12 அன்று மறைந்தபோது பெங்களூரில் கலவரம் மூண்டு, ஒரு காவலர் உட்படச் சிலர் இறந்தார்கள். அவருடைய மகன் புனித் 2021 அக்டோபர் 29 அன்று மறைந்தபோது நகரில் உடனே மதுக்கடைகளை மூடினார்கள், உடலைக் கண்டீரவா மைதானத்தில் வைத்துப் பெருங்கூட்டம் வரிசையில் வந்து பார்க்க வழிசெய்தார்கள். மன்றமும் தன் அளவில் இதைச் செய்யலாம். முதல் மூன்று நாள் மன்ற அறையில் மது கூடாது, மன்றச் செலவில் ஒரு பாட்டிலும் கூடாது.

நான்காவது ஆள் ஒரு பட்டியல் போட வேண்டும். தனியாக வாழ்கிறவர்கள், அண்மையில் வீட்டில் ஒரு சாவைக் கண்டவர்கள், கடனிலோ குடியிலோ இருப்பவர்கள், முன்பே ஒருமுறை உயிரை விட முயன்றவர்கள், “தலைவரே போயிட்டார், இனி என்ன இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் அதில் வர வேண்டும். காலை, மாலை இரு வேளையும் போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் நேரில் போங்கள். “சாகணும்னு தோணுதா அண்ணே?” என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், வீட்டாருக்குச் சொல்லுங்கள், அரசின் உதவி எண்களான 104 அல்லது 14416ஐ அழையுங்கள். இரண்டும் இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.

எங்காவது ஒருவர் அப்படி இறந்துவிட்டால் அவர் படத்தைப் போஸ்டரில் போடக்கூடாது, “உயிர்த் தியாகம்” என்று மேடையில் பேசக்கூடாது, எப்படி இறந்தார் என்று குரூப்பில் பகிரக்கூடாது. விளிம்பில் நிற்கும் இன்னொருவருக்கு அது அழைப்பாகிவிடும். அவர் குடும்பத்துக்கு உதவுவதானால் விளம்பரம் இல்லாமல் உதவுங்கள்.

போஸ்டர், படம், பேனர்

கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் வேண்டியது நான்கே: படம், பெயர், தோற்றம் மறைவுத் தேதிகள், மன்றத்தின் பெயர். பிறந்த ஆண்டைப் பலர் தப்பாகப் போடுகிறார்கள். குடும்ப அறிவிப்போடு ஒப்பிடுங்கள். பொறுப்பாளர்கள் முகம் வேண்டவே வேண்டாம். மறைந்தவரைவிட மாவட்டச் செயலாளர் பெரிதாகச் சிரிக்கும் அஞ்சலி போஸ்டர்கள் நம் ஊரில் போதுமான அளவுக்கு வந்துவிட்டன.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே அச்சுக்குக் கொடுத்தால் முகம் கட்டம் கட்டமாக உடையும். நீள வாக்கில் 3000 பிக்சலாவது இருக்கும் படத்தைத் தேடி, ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள். மாலை போடும் படம் நான்கடிக்கு மூன்றடி போதும். வினைல் பிரிண்டைச் சன்போர்டில் ஒட்டிச் சட்டம் அடித்தால் நேராக நிற்கும்; தளர்ந்த ஃபிளெக்ஸ் காற்றில் முகத்தை நெளிக்கும். ஸ்டாண்டின் கால்களில் மணல் மூட்டை வையுங்கள். மாலை மாலையாக ஏறும்போது பாரம் முன்பக்கம் சாய்ந்து படம் கவிழ்வது அடிக்கடி நடக்கிறது. பத்து மாலைக்கு மேல் சேர்ந்தால் பழையதைக் கழற்றிப் பக்கத்து மேசையில் வைக்க ஒருவரை நிறுத்துங்கள். குத்துவிளக்கு படத்திலிருந்தும் துணித் திரையிலிருந்தும் மூன்றடி தள்ளி இருக்கட்டும். கற்பூரத் தட்டு வேண்டாம். பந்தல் துணியும் ஃபிளெக்ஸும் நொடியில் பிடிக்கும்.

சுவரொட்டிக்கு மைதாப் பசை காய்ச்சுகிறவர்கள் மாடு தின்னாமல் இருக்க மயில்துத்தம் கலப்பதுண்டு. அது மாட்டுக்கு விஷம், ஒட்டுகிறவர் கைக்கும் ஆகாது. கலக்காமல் உயரமாக ஒட்டுங்கள், சுவர்க்காரரிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது.

சாலையில் பேனர் வேண்டாம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலைத் தடுப்பில் கட்டிய பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் கீழே விழுந்து தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். மண்டபத்து வளாகத்துக்குள் ஒன்று கட்டினால் போதும். கம்பிச் சட்டத்தைத் தூக்கி நிறுத்தும்போது மேலே மின்கம்பி போகிறதா என்று பார்க்க ஒருவர் தனியாக நிற்க வேண்டும். சட்டம் கம்பியில் உரசினால் பிடித்திருக்கும் அத்தனை பேருக்கும் மின்சாரம் பாயும்.

அஞ்சலிக் கூட்டமும் ஊர்வலமும்

சென்னையில் பொதுக்கூட்டம், ஊர்வலத்துக்கு ஐந்து நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது மாநகரக் காவல் சட்டத்தின் விதி. சாவுக்கு அது ஒத்துவராது. ஆகவே முதல் நாள் தெருமுனையில் படம் வைத்து மலர் அஞ்சலியோடு நிறுத்திக்கொண்டு, பெரிய கூட்டத்தைப் பத்து நாள் தள்ளி மண்டபத்தில் வைப்பது புத்திசாலித்தனம். தெருமுனை அஞ்சலிக்கும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம், பெட்டி ஸ்பீக்கர் இரண்டு போதும். இரவு பத்து மணிக்கு ஒலி நிற்க வேண்டும்.

உதிரிப்பூ ஒரு கிலோ, ஆளுக்கு ஒரு கை என்றால் சுமார் ஐம்பது பேருக்கு வரும். இரண்டு தட்டு வைத்து, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி கயிறு கட்டினால் தள்ளுமுள்ளு இருக்காது. மௌன அஞ்சலியைக் கடைசியில் வைக்காதீர்கள்; அதற்குள் பாதிக் கூட்டம் கலைந்திருக்கும். தொடக்கத்திலேயே வையுங்கள், போனில் நேரம் பார்க்க ஒருவரை நிறுத்துங்கள். இரண்டு நிமிடம் என்று அறிவித்து நாற்பது நொடியில் முடிப்பது எல்லா ஊரிலும் உண்டு. பேசுகிறவர்கள் எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். அவரோடு வேலை செய்த லைட்மேனோ, ஸ்டண்ட் கலைஞரோ, உள்ளூர் தியேட்டர் ஆபரேட்டரோ கிடைத்தால் அவரை முதலில் பேசவிடுங்கள். கட்சிக்காரர்கள் பிறகு பேசட்டும்.

அமைதி ஊர்வலம் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். மூன்று மூன்று பேராகச் சாலையின் இடது ஓரத்தில், இருபுறமும் கயிறு பிடித்துப் போங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். பட்டாசு வேண்டாம். சாலையில் பூவை இறைப்பதும் வேண்டாம். நசுங்கிய சாமந்தியில் பைக் வழுக்கும்.

மொட்டை போடுகிறவர்கள் போடட்டும். ஒரு தலைக்கு ஒரு பிளேடு என்பதை மட்டும் கறாராகப் பாருங்கள்.

பதினாறாம் நாள்

காரியம் குடும்பத்துக்குரியது. மன்றம் செய்வது படத்திறப்பும் அன்னதானமும்தான். மறைந்தவர் எந்தச் சமயத்தவரோ அதைக் கேட்டுச் செய்யுங்கள். எல்லாருக்கும் பதினாறாம் நாளும் விளக்கும் பொருந்தாது.

நூறு பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் அரிசி 10 கிலோ, துவரம்பருப்பு மூன்று முதல் மூன்றரை கிலோ, காய்கறி 5 கிலோ, தண்ணீர் 20 லிட்டர் கேன் மூன்று. முந்நூறு பேர் என்றால் ஒரே அண்டாவில் போடாமல் இரண்டு தவணையாகச் சமையுங்கள். கொதிக்கக் கொதிக்கப் பொட்டலம் கட்டி அடுக்கினால் உள்ளே வேர்த்து மதியத்துக்குள் புளித்துவிடும். இறக்கி நான்கு மணி நேரத்துக்குள் பரிமாறி முடியுங்கள். பாக்குமட்டைத் தட்டோ மந்தாரை இலையோ பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் தட்டு, கப் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை.

ரத்ததான முகாமைச் சாவு நடந்த வாரத்தில் வைப்பது தவறு. தூங்காமல், சாப்பிடாமல் வந்தவர்கள் படுக்கையிலேயே மயங்குவார்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு, உரிமம் உள்ள ரத்த வங்கியோடு சேர்ந்து வையுங்கள். வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆண்கள் கடைசியாகக் கொடுத்து மூன்று மாதம், பெண்கள் நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும்.

கண்தானம் இன்னும் எளிது. ராஜ்குமார், புனித் இருவருமே கண்தானம் செய்தவர்கள். புனித்துக்குப் பிறகு கர்நாடகத்தில் ரசிகர்கள் திரண்டு வந்து பதிவு செய்தார்கள். படிவம் நிரப்புவதோடு விட்டுவிட்டால் பயனில்லை, வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். அதுவரை இமையை மூடி ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையணையால் தலையைச் சற்று உயர்த்தி வைப்பது வீட்டார் வேலை. சர்க்கரை நோயாளிகளும் கண்ணாடி போட்டவர்களும் கண்புரை அறுவை செய்தவர்களும் கொடுக்கலாம்.

படத்திறப்பு அன்று மாலையே படத்து மாலைகளைக் கழற்றி, பூவைத் தனியாக மட்கும் குப்பையில் சேருங்கள். போஸ்டர் ஒட்டியவர்களே மாத முடிவில் கிழித்து எடுக்க வேண்டும். வசூல், செலவு இரண்டையும் ரசீதோடு இரண்டு பேர் கையெழுத்திட்டு மன்றப் பலகையில் ஒட்டுங்கள். மீதியை என்ன செய்வது என்பதைப் படத்திறப்பு அன்றே எல்லாரும் இருக்கும்போது பேசி முடித்துவிடுங்கள்; ஆண்டு நினைவு நாளுக்கு என்று ஒருவர் கையில் விட்டுவைத்த பணத்தால்தான் பல மன்றங்கள் இரண்டாக உடைந்திருக்கின்றன.