நத்தார் தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போகுமுன்

நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) முந்திய திருவருகைக்காலம் தொடங்கியதும் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் கரோல் ஒத்திகை ஆரம்பமாகிவிடும். இந்த முறை புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், பாட்டுகளுக்கு நடுவே பேசுவதற்கென்று ஒரு சாட்சியம் எழுதிவந்து வாசித்துக் காட்டினார். கேட்கக் கேட்க எனக்குக் காது சூடேறியது. இருபது வருடங்களுக்கு முன் நான் பேசிய அதே பேச்சு, ஏறத்தாழ சொல்லுக்குச் சொல்.

சுருதி பிசகுவது, மாரி மழையில் குடையை மறந்துவிட்டுப் போவது இவற்றையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருமுறை நனைந்தால் போதும். நனைந்தும் புத்தி வராத தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

பஞ்சாங்கம் பாராமல் கேக் கொடுப்பது

நமக்கு நத்தார், திருகோணமலையில் பக்கத்து வீட்டுக்கு அது பிள்ளையார் பெருங்கதையும் திருவெம்பாவையும் வரும் காலம். கார்த்திகைப் பூரணை கழிந்து 21 நாட்கள் விரதம் பிடிக்கும் வீட்டில், முட்டை போட்ட கேக்கை நீட்டினால் வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் திண்டாடுவார்கள். பயற்றம் உருண்டையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் போதும்.

கிண்ணியாவிலுள்ள முஸ்லிம் நண்பருக்குக் கொண்டுபோவதானால், கேக்குக்குரிய பழங்களைப் பிராந்தியில் ஊறவைத்தார்களா என்று வீட்டில் முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. நண்பர் துண்டை வாய்க்குக் கொண்டுபோனவர், மணத்தைப் பிடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு மழையைப் பற்றிப் பேசினோம்.

தட்டுக்கு அடியில் துண்டுப்பிரசுரம் செருகுவது

வேண்டாம்.

“நாங்கள் தப்பினோம்” என்று சாட்சி சொல்வது

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடல் ஊருக்குள் வந்தபோது நாங்கள் குடும்பமாகப் பூசையில் இருந்தோம். அடுத்த வருட நத்தாருக்கு உப்புவெளியில் ஒரு வீட்டு முற்றத்தில் பாடி முடித்துவிட்டு, அதையே எடுத்துச் சொன்னேன்: “பூசைக்குப் போனோம், ஆண்டவர் காப்பாற்றினார். நீங்களும் அவரை நம்புங்கள்.” அந்த வீட்டு அக்கா தேநீர்த் தட்டோடு படியில் நின்றார். ஏழு வயது மகனைக் கடலுக்குக் கொடுத்தவர். எனக்கு அது தெரியும். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

“அப்படியென்றால் தம்பி, என் பிள்ளையைக் கைவிட்டது யார்?”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கித்தார் பையன் நரம்புகளின்மேல் உள்ளங்கையை வைத்து அமர்த்தினான். தேநீரைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தோம். அதில் சீனி இருந்ததா என்று இன்றைக்கும் ஞாபகமில்லை.

இது நாகரிகக் குறைவு என்பது ஒரு புறம் கிடக்கட்டும். விவிலியப்படியே பிழை என்பதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை இயேசு பேசுகிறார். அவர்கள் மற்ற எல்லோரையும்விடக் குற்றவாளிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். நத்தார்க் கதையையாவது கடைசிவரை வாசியுங்கள். பாலன் எகிப்துக்குத் தப்பிப் போகிறார். பெத்லகேமில் மற்றத் தாய்மாரின் குழந்தைகள் வெட்டுப்படுகிறார்கள். டிசம்பர் 28இல் அந்தக் குழந்தைகளுக்குத் திருச்சபை விழா எடுக்கிறது. “எங்கள் பிள்ளை தப்பினான், பார்த்தீர்களா” என்று யோசேப்பு அந்தத் தாய்மாரிடம் போய்ச் சொன்னதாக எந்த நற்செய்தியிலும் இல்லை.

கத்தோலிக்கரான நமக்கு இதற்கென்றே ‘எதிர்நோக்கு’ என்று ஒரு சொல் இருக்கிறது. முன்னால் வரவிருப்பதைப் பார்த்து நிற்பது. தப்பிய கதையைப் பீற்றிக்கொள்வதற்கு அந்தச் சொல்லில் இடம் எங்கே? பேதுருவின் முதல் கடிதம் 3:15, அந்த எதிர்நோக்குக்கு யாராவது விளக்கம் கேட்டால் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது. பணிவோடும் மரியாதையோடும் சொல் என்கிறது. கேட்டால். நம் பிள்ளைகள் ‘ஆயத்தம்’ வரை வாசித்துவிட்டு மைக்கைப் பிடித்துவிடுகிறார்கள்.

அந்த அக்கா கேட்பதற்கு ஏழு வருடங்கள் ஆயின. ஒவ்வொரு 26ஆம் திகதி காலையிலும் அவர் கடலில் பூப் போடப் போவார். மழையானால் நான் குடை பிடிப்பேன். வேறு வேலை எனக்கு அங்கே இல்லை. 2012இல் திடீரென்று கேட்டார்: “செத்தவர்களைத் திரும்பக் காண்போம் என்று உங்கள் ஆட்கள் சொல்கிறார்களே, நீர் உண்மையிலேயே நம்புகிறீரா?”

“நம்புகிறேன் அக்கா.”

அதற்குமேல் சொல்ல எனக்கு வரவில்லை. அவரும் கேட்கவில்லை. அலை கொஞ்சம் பூவைத் திருப்பிக் கொண்டுவந்து காலடியில் போட்டது. குனிந்து பொறுக்கி, மறுபடியும் வீசினார்.

ஒலிபெருக்கி

கோயில் மணி கேட்டால் நிறுத்துங்கள். பாங்கு கேட்டால் நிறுத்துங்கள்.

அட்டைப்பெட்டியில் கொடுப்பது

சின்ன விஷயம் என்பீர்கள். பெட்டி குப்பைக்குப் போகும். தட்டு திரும்பி வரவேண்டும். இந்த ஊரில் வெறுந்தட்டை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. நத்தாருக்குப் போனது தைப்பொங்கலன்று புக்கையோடு வரும், அல்லது பெருநாளுக்கு வட்டிலப்பத்தோடு வரும். எங்கள் வீட்டு நீலக் கரை எனாமல் தட்டு இப்போது எந்த வீட்டில் இருக்கிறது என்று என் மனைவிக்கே நிச்சயமில்லை.