பேரிங் ஏற்ற ஒரு கைப்பிரஸ்: பார்த்து வாங்குவதும் பழகுவதும்

6203 என்ற அளவு எண் கொண்ட புது பேரிங் போட்ட மோட்டார் ஒன்று இரண்டாவது வாரமே கரகரவென்று இரைய ஆரம்பித்தது. பேரிங்கைக் கழற்றி அறுத்துப் பார்த்தேன். குண்டுகள் ஓடும் தடத்தில், குண்டுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். சுத்தியலால் தட்டி ஏற்றியதன் அடையாளம் அது. அதற்குப் பிறகுதான் ஆர்பர் பிரஸ் வாங்கினேன். மேசையில் போல்ட் போட்டு நிறுத்தி, கைப்பிடியை இழுத்தால் பல்சக்கரம் சுழன்று, ராம் என்ற அழுத்தும் தண்டு நேராக இறங்கும். அவ்வளவுதான் அதன் அமைப்பு.

வாங்கும்போது எல்லோரும் முதலில் டன் கணக்கைத்தான் கேட்கிறார்கள். சின்ன மோட்டார், கிரைண்டர் வேலைக்கு 1 டன் தாராளம். அரை டன் பிரஸ்ஸில் குறை அதன் பலம் அல்ல, உயரம். ராமை முழுக்கத் தூக்கினால் அதற்கும் அடித்தட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பேரிங்கும், அதன்மேல் வைக்கும் குழாயும், ஷாஃப்ட்டின் (பேரிங் ஏறும் தண்டின்) நீளமும் அதற்குள் அடங்க வேண்டும். ராட்செட் கைப்பிடி (ராமை அசைக்காமல் பின்னால் கொண்டுபோய் மறுபடி இழுக்கக்கூடியது) உள்ளதாகக் கிடைத்தால் அதையே எடுங்கள். அது இல்லாத பிரஸ்ஸில், அழுத்தம் தேவைப்படும் நேரத்தில் கைப்பிடி ஏடாகூடமான கோணத்தில் போய் நிற்கும், உடல் எடையைக் கொடுக்க முடியாது.

கொண்டுவந்ததும் ராமை ஆட்டிப் பாருங்கள். அது ஆடினால் பக்கவாட்டுத் தகட்டின் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ராம் வழுக்கி இறங்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. மூலைமட்டம் வைத்து, அடித்தட்டுக்கு அது செங்குத்தாக நிற்கிறதா என்று முன்னாலும் பக்கத்திலும் பாருங்கள். பிறகு கனமான மேசையில் போல்ட் போடுங்கள். போடாவிட்டால் இழுக்கும்போது பிரஸ் உங்கள் பக்கமாகவே சாயும்.

இனி நான் தடுக்கி விழுந்த இடம். பிரஸ் வாங்கிய பிறகும் என் முதல் பேரிங் கெட்டுத்தான் போனது. ஷாஃப்ட்டில் ஏற்ற வேண்டிய பேரிங்கை வெளிவளையத்தில் அழுத்திவிட்டேன். அப்படிச் செய்தால் அழுத்தம் முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் உள்வளையத்துக்குப் போகும். சுத்தியல் செய்த அதே சேதத்தை, சத்தமில்லாமல் பிரஸ் செய்துவிடும். எந்த வளையம் இறுக்கமாக உட்கார வேண்டுமோ, அதை மட்டும் அழுத்துங்கள். ஷாஃப்ட்டில் ஏற்றினால் உள்வளையம், ஹவுசிங்கில் (பேரிங் உட்காரும் கூட்டில்) இறக்கினால் வெளிவளையம். இரண்டிலும் ஒரே நேரத்தில் இறுக்கமாகப் போகிறதென்றால், இரண்டு வளையங்களையும் சேர்த்துத் தொடும் தட்டையான தகடு வேண்டும்.

எது இறுக்கம் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வழி: பெரும்பாலும் சுழலும் பக்கம்தான் இறுக்கமாக இருக்கும். மோட்டாரில் ஷாஃப்ட் சுழல்கிறது, அதனால் உள்வளையம். அச்சு நின்று சக்கரம் சுழலும் வண்டி ஹப்பில் வெளிவளையம்.

6203-க்கு உள்துளை 17 மி.மீ., வெளிவிட்டம் 40, அகலம் 12. ஷாஃப்ட்டில் ஏற்ற, 17-ஐவிடத் துளை சற்றே பெரிதாக, உள்வளையத்தின் முகத்தில் மட்டும் உட்காரும் குழாய்த் துண்டு போதும். அதன் முனை கடைசலில் சமமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஹவுசிங்குக்கு 40-ஐவிடக் கொஞ்சம் குறைந்த வெளிவிட்டமுள்ள ஸ்பேனர் சாக்கெட் எடுத்துக்கொள்கிறேன். விற்கிற செட்டுகளைவிட எனக்குக் கடைசலில் வெட்டிய குழாய்தான் பிடிக்கும்.

ஷாஃப்ட்டின் பிசிறை நீக்கித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பேரிங்கைக் கையால் நேராக வையுங்கள். ராமை மெதுவாக இறக்கி, முதல் 2 மி.மீ. போனதும் நிறுத்தி, சுற்றிலும் பாருங்கள். கோணலாக இருந்தால் அழுத்தியே நேராக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். வெளியே எடுத்து மறுபடி வையுங்கள். நேராக இருந்தால் ஒரே சீராக இழுங்கள். கைப்பிடியில் எதிர்ப்பு ஒரே மாதிரி வந்து, ஷாஃப்ட் தடித்துத் தொடங்கும் படியில் முட்டியதும் சட்டென்று கெட்டியாகும். அந்த உணர்வைக் கை கற்றுக்கொள்வதுதான் பழக்கம். நடுவிலேயே கெட்டியானால் ஏதோ தப்பு, நிறுத்துங்கள். கைப்பிடியில் குழாய் செருகி நீட்ட வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்: பேரிங் எஃகு வளையாது, உடைந்து தெறிக்கும்.

அலுமினிய ஹவுசிங் என்றால் முதலில் சூடாக்குங்கள். 60 டிகிரி ஏறினால் 40 மி.மீ. துளை ஏறத்தாழ 0.05 மி.மீ. விரியும், பேரிங் பல நேரம் கையாலேயே இறங்கிவிடும். பேரிங்கைச் சூடாக்காதீர்கள், ரப்பர் மூடியும் கிரீஸும் உள்ளே இருக்கின்றன.

பின்சேர்க்கை: படித்த ஒருவர், நீள ஷாஃப்ட் அடித்தட்டின் பிளவுக்குள் நுழைந்தும் கீழே மேசைப் பலகையில் முட்டுகிறது என்று எழுதியிருந்தார். நான் சொல்ல மறந்தது அது. என் பிரஸ் மேசை விளிம்பில், பிளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி நிற்கிறது. விளிம்பு வசதி இல்லையென்றால் பலகையில் துளை போட்டுவிடுங்கள்.

இன்னொருவர் ஷாஃப்ட்டிலிருந்து கழற்றிய பேரிங்கை மறுபடி போடலாமா என்று கேட்டார். உள்வளையத்தைத் தாங்கி எடுத்திருந்தால் சுழற்றிப் பார்த்துப் போடலாம். வெளிவளையத்தைத் தாங்கி எடுத்திருந்தால், கையில் எவ்வளவு வழவழப்பாகச் சுழன்றாலும் அதை ஒதுக்கிவிடுங்கள்.